வெடிக்காத காய்கள்

எண்ணெய் ஏறவில்லை.

வீட்டுப் பின்வாசலில் மூன்று கல் கூட்டி வைத்த அடுப்பு. அதன்மேல் அண்டா. எட்டுப் படி ஆமணக்கு விதையை வறுத்து, அதற்கென்றே ஒதுக்கி வைத்த பழைய மிக்ஸி ஜாரில் அரைத்து, தண்ணீரில் கரைத்து அடுப்பேற்றி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மேலே பழுப்பு நுரை. கரண்டியால் நுரையை விலக்கினால் கீழே பழுப்புத் தண்ணீர். அந்நேரத்துக்கு இரண்டு விரல் உயரம் மிதந்திருக்க வேண்டிய எண்ணெய், அண்டாவின் ஓரத்தில் ஒரு மெல்லிய வளையமாக மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்த என் மாமியார் கரண்டியைத் தரையில் வைத்தார்.

"வாய் வெச்சுட்டா," என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் அப்போது பேசக்கூடிய பெண்கள் நான்கு பேர். அவர், நான், பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார், என் ஓரகத்தி. முதல் மூவரும் காலையிலிருந்து அடுப்புப் பக்கம் வாயைத் திறக்கவில்லை.

ஆமணக்கு விதைக்கு எங்கள் பக்கத்தில் கொட்டமுத்து என்று பெயர். கொட்டமுத்து எண்ணெய் காய்ச்சும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுப்பருகே 'இல்லை' என்ற சொல் வரக் கூடாது. வந்துவிட்டது, வரவில்லை, போதும், போதாது எதுவும் கூடாது. யாராவது சொல்லிவிட்டால் எண்ணெய் இறங்கிப்போய்விடும். சங்ககிரியைச் சுற்றி எல்லா வீடுகளிலும் இது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இருந்தது.

அன்று காலை ஒன்பதரை மணிக்கு ஓரகத்தி பின்கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவ வார்டில் நர்ஸ். அந்த வாரம் இரவு டியூட்டி. பையை இறக்காமலே அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"என்ன அத்தை, ஒண்ணுமே மேல வரலையே?"

மாமியார் பதில் சொல்லவில்லை. பதில் சொல்வதும் பேச்சுதானே. ஓரகத்தி இரண்டு நொடி நின்றுவிட்டு உள்ளே போனாள். சொன்னது அவ்வளவுதான். பதினொரு மணிக்கு அது குற்றமாகிவிட்டது.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாத்தனாரைக் கொடுத்திருப்பது ஜேடர்பாளையத்தில். தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகவே, ஒரு வியாழக்கிழமை விடியலில், பெண் குழந்தை பிறந்துவிட்டது. இரண்டு கிலோ இருநூறு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். என் புடவை அலமாரி இருக்கும் நடு அறையைத் தாய்க்கும் குழந்தைக்கும் ஒதுக்கினோம்.

வந்த அன்றே ஓரகத்தி எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னாள்.

"வயித்துல இருக்கற குழந்தைக்குக் கடைசி மூணு வாரத்துலதான் கொழுப்பு நல்லா சேரும். இது அதுக்குள்ள வந்துடுச்சு. குளிர் தாங்காது. அழுது பால் கேக்கத் தெம்பு இருக்காது. தூங்குதேன்னு விடக் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நாமதான் எழுப்பணும்."

எழுப்பும் முறையையும் காட்டினாள். நடுவிரலால் உள்ளங்காலில் சுண்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்து அழுதது. நாத்தனாரின் போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடிக்கும்படி அலாரம் வைத்தாள். தன் காசில் ஒரு எடைக்கருவி வாங்கி வந்திருந்தாள். அதில் குழந்தையைக் கிடத்திப் பார்த்துவிட்டு, என் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் கிழமையையும் எடையையும் எழுதினாள். என் அலமாரி என்பதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மூக்கு எண்ணெயில் பிரச்சினை வந்தது. எங்கள் வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு வீட்டுக் கொட்டமுத்து எண்ணெயைத் தலைக்கு வைத்து, மூக்கில் ஒரு சொட்டு, நாக்கில் ஒரு சொட்டு விட்டுத்தான் குளிப்பாட்டுவார்கள். தாய்வீட்டிலிருந்து புறப்படும்போது அதே எண்ணெயில் ஒரு பாட்டில் குழந்தையோடு போகும்.

"தலைக்கு வேணா வைங்க. மூக்குல ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. நுரையீரலுக்குப் போயிடும்," என்றாள் ஓரகத்தி.

"இந்த ஊட்டுல பொறந்ததெல்லாம் மூக்குல எண்ணெ உட்டு வளந்ததுதான். உன்ற புருசனுக்கும் நாந்தான் உட்டேன்."

"அதான் வருசம் பூரா மூக்க உறிஞ்சிக்கிட்டே திரியறாரு."

நாத்தனார் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மாமியார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஓரகத்தியிடம் திரும்பினார்.

"அத்தைங்கன்னு ஒரு 'ங்க' போட்டாத் தேஞ்சா போயிருவே? உங்க ஊருல பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசுவாங்களா?"

அவள் ஊர் அயோத்தியாப்பட்டணம் பக்கம். அங்கே பேச்சு வேறு. கல்யாணமாகி வந்து ஒன்றரை வருடமாகியும் அவள் அதை மாற்றிக்கொள்ளவில்லை. மாமியார் அதை மறக்கவுமில்லை.

ஆகவே எண்ணெய் காய்ச்சிய செவ்வாய்க்கிழமை தீர்ப்பு சொல்ல அவருக்கு ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஓரகத்தி அப்போதுதான் குழந்தையின் எடையை எழுதி முடித்துப் பென்சிலைக் காதில் செருகியிருந்தாள்.

"வெளிய போ. இனிமே என்ற பேத்தி கெடக்கற ரூமுக்குள்ள உன்ற காலு படக் கூடாது."

"நான் என்ன பண்ணேன்?"

"என்ன பண்ணேன்னு அண்டாவப் போயிக் கேளு. எட்டுப் படிய ஒத்த வார்த்தைல முழுங்கிப்போட்டியே."

ஓரகத்தி வாதாடவில்லை. அவளுக்கு எது முக்கியம் என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

"சரி, தப்பு என் மேலன்னே இருக்கட்டும். குழந்தைய மட்டும் எழுப்பிப் பால் குடுங்க. காலைல வந்து எடை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன். வேற எதையும் தொடல."

"எடையும் வேண்டாம், உன்ற கண்ணும் வேண்டாம்."

கதவு சாத்தப்பட்டது. அன்று பிற்பகலே போனிலிருந்த அலாரத்தை அணைக்கச் சொன்னார் மாமியார். தூங்குகிற பச்சைக் குழந்தையை மணியடித்து எழுப்புவது பாவம் என்றார். நாத்தனார் அணைத்துவிட்டாள். அவளுக்கும் தூக்கம் வேண்டியிருந்தது.

நான் ஒரு நாளிதழில் பக்கங்களைத் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். மதியம் பஸ் ஏறிச் சேலம் போவேன். அன்று புறப்படுவதற்கு முன் பின்வாசல் வழியாகக் குப்பைமேட்டுக்குப் போனேன். ஆமணக்குத் தோலையும் புடைத்துத் தள்ளியதையும் அங்கேதான் கொட்டியிருந்தார்கள். ஒரு குச்சியால் கிளறினேன்.

முற்றிய ஆமணக்கு விதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொழுத்த உண்ணிபோல் இருக்கும்; பளபளக்கும் ஓட்டில் பழுப்பும் சாம்பலுமாக வரிகள் ஓடும். நான் கிளறிய இடத்தில் கிடந்தவற்றில் அந்த வரிகள் இல்லை. வெளிறிய மஞ்சள். சில கிட்டத்தட்ட வெள்ளை. விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் ஓடு நொறுங்காமல் மடங்கியது. உள்ளே பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிக் காய்ந்த ஒரு சவ்வு.

உடனே முந்தைய சில நாட்கள் எனக்கு வரிசையாக வந்துவிட்டன. ஆமணக்கு எங்களுக்குத் தனிப் பயிர் இல்லை. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்ட காட்டின் வரப்போரம் நிற்கும். ஒரே குலையில் அடிக்காய் முதலில் முற்றும், நடுக்காய் பச்சையாக இருக்கும், நுனிக்காயின் முள் இன்னும் மெத்தென்று இருக்கும். அதனால் மூன்று தடவையாகப் பறிப்பார்கள். குழந்தை பிறந்த வியாழக்கிழமை மாமியார் அரிவாளோடு போய், எல்லாக் குலைகளையும் ஒரே தடவையில் அறுத்துக்கொண்டு வந்தார். முந்தின வருடத்து விதை ஒரு படிகூட மிச்சமில்லை. குழந்தை அவசரப்பட்டுவிட்டது, அவரும் அவசரப்பட்டார்.

குலைகள் மொட்டைமாடியில் காய்ந்தன. வெள்ளிக்கிழமை நண்பகலில் கீழே என் அறைக்கு அந்தச் சத்தம் கேட்டது. முற்றிய காய் வெயிலில் தானாக வெடிக்கும். பட், பட் என்று விதைகள் கைப்பிடிச் சுவரில் போய் அடிக்கும். சனிக்கிழமை சத்தம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை. ஆனால் துணி எடுக்க நான் மேலே போனபோது பாதிக்கு மேல் காய்கள் வாய் திறக்காமல் கிடந்தன. பச்சை நிறம் போய் எல்லாம் ஒரே பழுப்பாகியிருந்தன. வெயில் எதையும் முற்றியதுபோல் காட்டிவிடும். திங்கட்கிழமை மாமியார் அவற்றைத் தடியால் அடித்து உடைத்தார்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வேளாண்மைப் பக்கத்துக்கு ஆமணக்கைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. திருத்தியது நான். காய் முழு அளவுக்கு வந்ததும் விதை தயாராகிவிட்டது என்று நினைக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். அளவு முதலில் வந்துவிடும். அப்போது உள்ளே இருப்பது தண்ணீரும் சர்க்கரையும் பால்போன்ற கூழும். அதற்குப் பிறகுதான் செடி அனுப்பும் சர்க்கரையை விதை எண்ணெயாக மாற்றிச் சேர்க்கத் தொடங்குகிறது. அந்த எண்ணெய் குடத்துத் தண்ணீர்போல் ஒரே இடத்தில் தேங்கிக் கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத துளிகளாக, ஒவ்வொரு துளியும் ஒரு மெல்லிய உறையைப் போர்த்திக்கொண்டு, பக்கத்துத் துளியோடு கலக்காமல் அடைந்திருக்கிறது. வறுப்பதும் அரைப்பதும் கொதிக்க வைப்பதும் அந்த உறைகளைக் கிழிக்கத்தான். முதலில் சேரும் எண்ணெய்கூட ஆமணக்கின் எண்ணெய் அல்ல. மற்ற விதைகளில் இருப்பதைப் போன்ற மெல்லிய எண்ணெய். ஆமணக்குக்கே உரிய அந்தப் பிசுபிசுப்பு விதை முற்ற முற்றத்தான் பெருகும். கடைசியில் தண்ணீர் வற்றி, ஓடு இறுகி, வரி விழும்.

இந்தப் பத்தியை நான் நன்றாக நினைவு வைத்திருக்கக் காரணம், கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்ததால் இதைத்தான் வெட்டினேன் என்பது.

எட்டுப் படிக்குத் தேறிய எண்ணெய் ஒரு டம்ளர். சமையலறை மேடையில் இருந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன். வெளிறி இருந்தது. இரண்டு விரல்களைப் பிரித்தால் நூல்போல் இழுபடவில்லை, வழுக்கிக்கொண்டு போனது.

ஆக, எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குப்பைமேட்டில் எடுத்த ஏழு வெள்ளை விதைகளை ஒரு செய்தித்தாளில் பொட்டலமாக மடித்தேன். கைப்பையின் உள் அறையில் வைத்தேன். பஸ் ஏறினேன். மாமியாரிடமும் சொல்லவில்லை, ஓரகத்தியிடமும் சொல்லவில்லை.

ஏன் என்று எழுதுவது எளிது. ஓரகத்தி வந்த மூன்றாவது மாதம் என் மகளுக்குச் சளிக் காய்ச்சல். இரண்டு பாட்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓரகத்தி இரண்டையும் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மருந்துதான் அக்கா. பேருதான் வேற. ரெட்டை டோஸ் குடுத்துட்டு இருக்கீங்க." கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். அவள் சொன்னது சரி. அதற்காகத்தான் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. தவறாகச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அவள் வருவதற்கு முன் இந்த வீட்டில் நான்கு எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாமியாரின் மாத்திரைச் சீட்டை நான் படித்துச் சொல்வேன். இப்போது அவர் அவளிடம் திட்டிக்கொண்டே கொடுப்பார், அவளும் படித்துச் சொல்வாள். திட்டினாலும் அவளிடம்தான் கொடுத்தார்.

புதன்கிழமை காலை ஓரகத்தி சமையலறை வாசலில் நின்றாள்.

"அக்கா, பாப்பா ராத்திரி எத்தன தரம் பால் குடிச்சது?"

"எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்றேன்."

நான் கேட்கவில்லை. அவளும் மறுபடி வந்து நிற்கவில்லை.

வியாழக்கிழமை மாமியார் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எட்டுப் படிக்கு ஒரு டம்ளருங்க. எங்காச்சும் உண்டுங்களா?"

"ஆசுபத்திரி வாயிங்க அது. ஊசி மாதிரி நேரா எறங்கீரும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஓரகத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஆறடி தூரம். கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஈரச் சட்டையை ஒருமுறை உதறிக் கொடியில் போட்டாள். உதறிய சத்தம் சற்று அதிகமாக இருந்தது.

அன்று கொழுந்தனார் அவளிடம் பேசியது அடுத்த அறையிலிருந்து எனக்குக் கேட்டது. அவர் சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். நல்ல மனிதர். சத்தம் அவருக்கு ஆகாது.

"ரெண்டு நாளைக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டு வா. அம்மா தானா அடங்கீரும்."

"நான் போனா அந்தக் குழந்தைய யாரு பாக்கறது?"

"அதுக்கு அம்மா இருக்குது, பெத்தவ இருக்கறா. நீ எதுக்கு ஊட்டுச் சண்டைய இழுத்துத் தலைல போட்டுக்கற?"

"ஊர்ல ஓடற லாரிக்கெல்லாம் முதுகெலும்பு வெச்சுக் கட்டறீங்க. மிச்சம் விழுந்த இரும்புல உங்களுக்கும் ஒண்ணு வெச்சுக்கங்க."

கொழுந்தனார் வெளியே வந்து, என்னைப் பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவள் போகவில்லை. இரவு டியூட்டிக்குப் போவாள், காலையில் வருவாள், நடு அறையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிடம் நிற்பாள். உள்ளே திரை போட்டிருக்கும். காதை வைத்துக் கேட்பாள் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. பொட்டலம் கைப்பையிலேயே இருந்தது. நான்கைந்து தடவை வாய்வரை வந்தது என்று எழுதலாம். வரவில்லை. மகளுக்குத் தலை வாரினேன், சாம்பார் வைத்தேன், கொஞ்ச நேரம் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை புடவை எடுக்க நடு அறைக்குப் போனேன். நாத்தனார் கட்டிலில் சாய்ந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்று கூப்பிடுவார்கள்.

"நங்கையா, இப்பெல்லாம் அழுவறதே இல்லீங்க. ராத்திரி படுத்தா விடிய விடியத் தூக்கம். எவ்வளவு சமத்துப் பாருங்க."

அவள் முகத்தில் பெருமை. நான் குழந்தையைப் பார்த்தேன். திரை போட்ட அறையில் நிறம் சரியாகத் தெரியாது. உள்ளங்காலில் விரலால் சுண்டினேன். குழந்தை முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்பக்கத்தில் பென்சில் எழுத்து. ஞாயிறு, திங்கள், செவ்வாய். அதற்குக் கீழே வெறும் மரம்.

திரையை விலக்கினேன். வெளிச்சம் குழந்தையின்மேல் விழுந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஓரகத்தி நின்றிருந்தாள். டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும், பை தோளிலேயே இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மஞ்சளா இருக்கு," என்றாள். ஜன்னலைவிட்டு ஓடினாள்.

நான் கூடத்துக்கு வந்ததும் ஓரகத்தி உள்ளே ஓடி வந்தாள்; மாமியார் நடு அறை வாசலில் குறுக்கே போய் நின்றுகொண்டார். ஒரு கை நிலையின்மேல்.

"அத்தை, நகருங்க."

"எண்ணெய முழுங்கின வாயி. இன்னும் என்னத்த முழுங்க வருது?"

"குழந்தை மஞ்சளா இருக்கு. பால் குடிக்காமத் தூங்குது. அது தூக்கமில்ல அத்தை, மயக்கம்."

"வாய மூடு. நல்லாத் தூங்கற புள்ளைய மயக்கம்ங்கறா பாரு. நீ வாய் தொறந்தாலே விடியாது."

"எடை மட்டும் பாக்கறேன். நான் தொடக்கூட வேண்டாம். நீங்களே தூக்கி வைங்க. கொறஞ்சிருந்தா ஆஸ்பத்திரி. கொறையலேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன், திரும்பி வரல."

மாமியார் அசையவில்லை. ஓரகத்தியின் குரல் உயரவுமில்லை. இரண்டு பேருக்கும் இடையில் ஒரு முழம். ஒருவர் மற்றவரைத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன்.

நான் என் அறைக்குப் போய்க் கைப்பையைத் திறந்தேன். பொட்டலத்தை எடுத்து வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்துப் பிரித்தேன். ஏழு வெள்ளை விதைகள் சிவப்பு சிமெண்ட் தரையில் உருண்டன. ஒன்று மாமியாரின் கால் விரலில் போய் இடித்து நின்றது.

"பச்சைக் காயிங்க, அத்தை. எண்ணெய் ஏறாததுக்கு இதுதான் காரணம். அவ பேச்சு இல்லீங்க."

அவர் குனிந்து பார்த்தார். எடுத்துப் பார்க்கவில்லை. அவருக்கு ஆச்சரியம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை.

"நாப்பது வருசமா கொட்டமுத்து காச்சறேன். பிஞ்சு எண்ணெ விடாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ படிச்சு வந்து சொல்லணுமா?"

"அப்புறம் ஏனுங்க அவளைச் சொன்னீங்க?"

"நாளைக்குச் சம்மந்தி ஊட்டுல இருந்து வாராங்க. புள்ளையோட அனுப்ப ஊட்டு எண்ணெ எங்கன்னு கேப்பாங்க. பிஞ்சுலயே அறுத்துப்போட்டேன் நானுன்னு சொல்லவா? புத்தி கெட்டுப்போச்சுன்னு என்ற மகளக் குத்திக்காட்டுவாங்க." நிலையிலிருந்த கை இறங்கியது. "இவளச் சொன்னா இவளோட போச்சு."

கை இறங்கிய அந்த இடைவெளியில் ஓரகத்தி உள்ளே போயிருந்தாள். மாமியார் சொன்ன கடைசி வார்த்தையை அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. கேட்டிருந்தாலும் அதற்காக நிற்கவில்லை.

குழந்தையை எடைக்கருவியில் கிடத்தினாள். ஒரு கிலோ எண்ணூற்று எழுபது. உள்ளங்காலில் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். மூன்றாவது தடவை ஒரு முனகல் வந்தது, அழுகை இல்லை. பென்சிலை எடுத்து அலமாரியில் ஏதோ எழுதிவிட்டு, குழந்தையைத் துணியில் சுற்றினாள். நாத்தனார் கேவத் தொடங்கியிருந்தாள்.

"அழறத வண்டில அழலாம். எந்திரிங்க," என்றாள்.

பக்கத்து வீட்டுக் காரில் சேலம் போனோம். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சிரித்த அதே அம்மாவின் மகன்தான் ஓட்டினான். குழந்தையை உடனே உள்ளே வாங்கி, குழாய் வழியாகப் பால் கொடுத்து, நீல விளக்கின்கீழ் கிடத்தினார்கள். டாக்டர் வெளியே வந்து எங்களைப் பார்த்தார்.

"எழுப்பி எழுப்பிப் பால் குடுக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"சொன்னாங்க," என்றாள் ஓரகத்தி. யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் குழந்தை சத்தமாக அழுதது. அது தேறிவிட்டது, அதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை. நான் எழுத வேண்டியது அந்தச் சனிக்கிழமை பிற்பகலைப் பற்றி. நானும் ஓரகத்தியும் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு நாற்காலி காலி. அவள் தன் பைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். புறப்படும் அவசரத்தில் தரையிலிருந்து விதைகளை அள்ளி, அதே தாளில் மடித்து வைத்திருந்தாள். அவள் வார்டில் எதையும் கீழே விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

"இது எப்ப கெடச்சுது அக்கா?"

"இன்னிக்குக் காலைலதான். குப்பைல தற்செயலாப் பாத்தேன்."

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். விதைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, தாளை மடியில் விரித்துக் கையால் நீவினாள். அது எங்கள் பத்திரிகை. மாவட்டப் பக்கம். மேல் ஓரத்தில் கிழமை அச்சாகியிருந்தது.

அவள் விரல் அங்கே போய் நின்றது.

"செவ்வாய்க்கிழமை," என்றாள்.

பழைய தாள் கையில் கிடைத்தது என்று சொல்லியிருக்கலாம். அது பொருந்தக்கூடிய பொய்தான். ஆனால் இருபது வருடம் மற்றவர்களின் பொய்களை வெட்டித் திருத்திய எனக்கு அந்த நேரத்தில் அது வரவில்லை. மடிப்புகள் தேய்ந்து அழுக்கேறியிருந்தன. பொட்டலம் பல நாள் பைக்குள் கிடந்தது என்பதை அவையே சொல்லின. அவள் அந்த மடிப்பை விரலால் ஒருமுறை தடவினாள்.

"இது நீங்க பண்ண பக்கமா?"

"ஆமா."

அவள் உண்மையாகவே படித்தாள். மேலிருந்து கீழே, ஒவ்வொரு தலைப்பாக. நான் காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

"நல்லா இருக்கு. ஒரு தப்புகூட இல்ல."

விதைகளைத் தாளில் கொட்டி, பழைய மடிப்பிலேயே மடித்து, நடுவிலிருந்த காலி நாற்காலியில் வைத்துவிட்டு, குழந்தையைப் பார்க்க உள்ளே போனாள்.

இப்போது நாத்தனாரும் குழந்தையும் ஜேடர்பாளையத்தில் இருக்கிறார்கள். குழந்தை போகும்வரை ஓரகத்தியைக் கேட்காமல் யாரும் அதைத் தொடவில்லை. மாமியாரே கேட்டுத்தான் தொட்டார். 'ங்க' போடாததற்காக இன்னும் திட்டுகிறார். மாசியில் வரப்போரச் செடிகள் மறுபடி விட்ட குலைகளை மூன்று தடவையாகப் பறித்து, காய் தானாக வெடிக்கும்வரை மாடியில் விட்டு, மறுபடி எண்ணெய் காய்ச்சினார். நன்றாக ஏறியது. அதில் ஒரு பாட்டில் ஜேடர்பாளையம் போனது. தலைக்கு மட்டும் என்று ஓரகத்தி அதில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை சொன்ன வார்த்தைக்காக மாமியார் அவளிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. அவர்கள் இரண்டு பேருக்கும் அது தேவைப்படவில்லை போலும்.

என்னிடம் ஓரகத்தி மரியாதையாக இருக்கிறாள். காபி வேண்டுமா என்று கேட்பாள். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்கிறாள், மருந்தின் பெயரை எழுதியே கொடுக்கிறாள். அலமாரிக் கதவில் அவள் எழுதிய பென்சில் வரிகள் அப்படியே இருக்கின்றன. ஞாயிறு, திங்கள், செவ்வாய். பிறகு சனி. அந்த அவசரத்திலும் இடையில் மூன்று வரிகளுக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறாள். என் புடவைகள் அதற்குள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் திறக்க வேண்டியிருக்கிறது.